ஹைபிரிட் வண்டியில் ஐம்பது நிமிடம்

அளவு டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையோடு அவள் கணவர் வண்டியின் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"நாலு அங்குலம் கம்மி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பேட்டரி எடத்தை முழுங்கிடுச்சு."

"நாலு அங்குலத்துல என்ன வந்துது? யாரைப் படுக்க வைக்கப் போறீங்க?"

அதுதான் அவரிடம் அவள் அடித்த கடைசி கிண்டல். இன்னும் நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பலமுறை தோன்றியது. ஆனால் அவர் சிரித்தார், டிக்கியில் தலையை இடித்துக்கொண்டார், மறுபடியும் சிரித்தார்.

அவர் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதுகிறவள். ஒரு பழைய சின்ன எஸ்யூவி வாங்குவதென்று இருவரும் முடிவுசெய்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எந்த வண்டி என்பதுதான் பாக்கி. பெட்ரோல் வண்டியென்றால், "முன்னாடி ஓட்டினவன் ஆயில் மாத்தினானா இல்லையா, அவன் மனசாட்சிக்குத்தான் தெரியும்," என்பார். எலக்ட்ரிக் என்றால், "பழைய பேட்டரி வாங்கறது அடுத்தவன் பல்செட்டை வாங்கி மாட்டிக்கிற மாதிரி," என்பார். அவளுடைய தம்பி எலக்ட்ரிக் கட்சி. "அத்தான், உலகமே மாறிப்போச்சு, நீங்க இன்னும் பல்செட்டுலயே நிக்கிறீங்க," என்று வந்த போதெல்லாம் சண்டைக்கு நிற்பான். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டில் மட்டும் அவருக்கு ஒரு கண். லிஃப்டில் ஒரு கயிறு போனாலும் மற்றது தாங்கும். இதிலும் ஒன்று படுத்தால் இன்னொன்று இழுக்கும். ஆனால் பெட்ரோல் என்ஜின் தானாகவே விழித்துக்கொள்ளும் நேரத்தில் வண்டி உதறக் கூடாது. அதைத் தன் காதால் கேட்காமல் வாங்குவதில்லை என்று இருந்தார்.

எந்த முடிவையும் அவர் முதலில் அவளிடம்தான் சொல்வார். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு சட்டை நிறம்கூட அவளைத் தாண்டிப் போனதில்லை.

அன்று டிக்கியை அளந்து முடித்ததும் அவர் ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். "தண்ணி கெடைக்குமா பாரு," என்றார். அவள் அலுவலக அறைக்குள் போனாள்.

பழைய வண்டிகள் விற்கும் அந்த யார்டின் முதலாளிக்கு ஒரு கொள்கை இருந்தது. எங்கோ நடந்த இரண்டு நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்துவிட்ட வாடிக்கையாளரிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் ஆசை கலைந்துவிடும். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டியிருந்தார்.

தண்ணீரோடு அவள் திரும்பி வந்தபோது, விற்பனையாளர் வண்டிக்குப் பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றிருந்தார். கழுத்தில் டை, நெற்றியில் வியர்வை. உதட்டில் விரலை வைத்து அவளைத் தடுத்தார்.

"அம்மா, ப்ளீஸ். ரொம்ப நல்ல கட்டத்துல இருக்கு."

"தண்ணி கேட்டாரு."

"கண்ணை மூடிட்டாரும்மா. கண்ணை மூடினா வண்டி அவருக்கு ஆயிடுச்சுன்னு அர்த்தம். பதினோரு வருஷ அனுபவம்."

கண்ணாடி வழியே பார்த்தாள். தலையைச் சாய்த்து, கையை மடியில் வைத்து, அவர் காது கொடுத்துக் கேட்கும் அதே தோரணை. கலைத்தால் திட்டுவார். அவள் திரும்பிப் போய், தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, மேஜைமேல் கிடந்த வாகனப் பத்திரிகையில் டயர்களைப் பற்றி ஒரு கட்டுரையை முழுசாகப் படித்தாள். வெளியே முதலாளி மாடி ஜன்னலிலிருந்து விற்பனையாளருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். விற்பனையாளர் பதிலுக்குக் காட்டினார். இன்னொரு குடும்பம் அந்த வண்டியைப் பார்க்க வந்தபோது, "அது ஏறக்குறைய போயிடுச்சு சார்," என்று மெதுவான குரலில் சொல்லி அனுப்பினார்.

ஐம்பதாவது நிமிடம் அவள் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்கும், பக்கத்தில் யார் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டுத் தம்பிதான் அழுதான். அவளுக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் யோசித்த மனிதர் வேண்டும் என்று முடிவெடுத்தாரா, வேண்டாம் என்றா? அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலா போனார்? அந்த நேரத்தில் அவள் தண்ணீருக்குப் போயிருந்தாள்.

பதினெட்டாம் நாள் யார்டிலிருந்து விற்பனையாளர் போனில் கூப்பிட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. சார் இன்னும் டெஸ்ட் டிரைவ்ல இருக்காரு."

"என்ன?"

"சிஸ்டத்துலம்மா. சாவி வாங்கினதா இருக்கு, திருப்பிக் குடுத்ததா இல்லை. அவர் முடிவைச் சொல்லாம வண்டியை வேற யாருக்கும் காட்ட முடியாது. நீங்க வந்து ஒண்ணு சொன்னா..."

"நான் போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன்க்கா," என்று தம்பி குதித்தான். "நீ சும்மா இரு," என்று சொல்லிவிட்டு அவளே கிளம்பினாள். அவர் கடைசியாக யாரோடு பேசினாரோ அந்த ஆள் அங்கே இருக்கிறார்.

முதலாளி எழுந்து நின்று, ரொம்ப வருத்தப்பட்டு, கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று கட்டங்கள் இருந்தன: வாங்குகிறார், வாங்கவில்லை, மீண்டும் வருவார்.

"மூணாவதை மட்டும் போடாதீங்கம்மா," என்றார் முதலாளி. "வாரா வாரம் அவருக்கு போன் போகும்."

அவள் விற்பனையாளரைப் பார்த்தாள். "கடைசியா என்ன சொன்னாரு?"

"வண்டி சூப்பர்னு சொன்னாரும்மா."

"அவர் எதையும் சூப்பர்னு சொன்னதில்லை. கல்யாணத்துல என்னைப் பார்த்தப்பவே 'பரவால்லை'ன்னுதான் சொன்னாரு."

விற்பனையாளர் முதலாளியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான் பேட்டரி வாரண்ட்டியைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்மா. 'என்ஜின் எப்ப எழுந்துக்குதுன்னு கேக்கணும், கொஞ்சம் வாயை மூடிட்டுப் போய் அங்க நில்லுய்யா'ன்னாரு. நின்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு நாளில் முதல் முறை. அச்சு அசலாக அவர்தான்.

"சரி. என்ஜின் எழுந்துச்சா?"

"எழுந்துச்சும்மா. நீங்க உள்ள போய்க் கதவைச் சாத்தினீங்க, உடனே."

"கேட்டாரா?"

"கேட்டாரு. தலையை ஆட்டினாரு. அப்புறந்தான் கண்ணை மூடினாரு."

அவள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். "எப்படி ஆட்டினாரு? மேலயும் கீழயுமா, பக்கவாட்டுலயா?"

விற்பனையாளர் யோசித்து, தலையை ஆட்டிக் காட்டினார். முதலாளி, "அது ஆமான்னு அர்த்தம்," என்றார். "இல்ல சார், கொஞ்சம் சாய்ச்சு," என்று விற்பனையாளர் மறுபடி ஆட்டினார். "அப்ப வேண்டாம்னு அர்த்தம்." "வேண்டாம்னா இவ்ளோ மெதுவா ஆட்ட மாட்டாங்க சார்." இருவரும் எதிரெதிரே நின்று ஒருவருக்கொருவர் தலையை ஆட்டிக்கொண்டார்கள். கணக்கெழுதும் பெண்ணும் எழுந்து வந்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள்.

ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, விற்பனையாளரின் முகவாய் லேசாக இடப்பக்கம் போய், அங்கேயே ஒரு கணம் நின்று, அரைவட்டமாய்க் கீழே இறங்கியது.

"போதும்," என்றாள் அவள்.

அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். வீடு மாறலாமா என்று கேட்டபோதும், குழந்தை இல்லாவிட்டால் என்ன என்று அவள் கேட்டபோதும், உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டபோதும் அவர் ஆட்டியது. அதற்கு என்ன அர்த்தமென்று இருபத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரியாது. கேட்டால், "அதான் சொல்லிட்டேனே," என்பார்.

"ஏதாவது ஒண்ணை அமுக்குங்கம்மா," என்றார் முதலாளி கெஞ்சலாக.

"தெரியாததை நாங்க எழுதறதில்லை," என்றாள் அவள். நூலகத்தில், ஆண்டு அச்சிடாத புத்தகத்துக்கு அவள் ஆண்டை யூகித்து எழுதியதே இல்லை. "வாங்கறாருன்னும் இல்லை, வாங்கலைன்னும் இல்லை. கேட்டாரு. தலையை ஆட்டினாரு. அதுக்கு ஒரு கட்டம் போடச் சொல்லுங்க."

முதலாளி தொலைபேசியை எடுத்து, மென்பொருள் நிறுவனத்தில் யாரிடமோ, "தலையாட்டினதுக்கு ஒரு ஆப்ஷன் வேணுங்க... இல்லைங்க, ஆமாங்கறது இல்லை," என்று விளக்க ஆரம்பித்தார். விற்பனையாளர் வாசல்வரை வந்து, வாயை மூடிக்கொண்டு நின்றார். அவள் அவர் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பேருந்து எப்போதும்போல் நிறுத்தத்தில் நிற்காமல் பத்தடி தள்ளிப் போய் நின்றது. எல்லாரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள்.