ஜொவிட்டாவின் முப்பத்தொரு இரட்டைகள்

1

இருபத்தொன்பது மணி நேரம் ஜொவிட்டா அதை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணியிலிருந்து சனிக்கிழமை மாலை ஆறு மணி வரை.

இந்தக் கதை ஒரு நோட்டீஸிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1997 செப்டம்பரில் லஸ் முனையில் பேருந்துக்கு நின்றபோது ஒரு சுவரில் பார்த்தேன்: 'விண்வெளியிலிருந்து கண்டறிந்த 31 புதிய இரட்டை விண்மீன்கள். உரை, சனி மாலை 6 மணி.' நான் போகவில்லை. கூட்டம் என்றால் எனக்குக் கை வேர்க்கும். ஆனால் இயற்பியல் படித்தவள் என்பதால், முப்பத்தொன்றும் சரியாக இருக்குமா என்ற சந்தேகம் என்னோடு பேருந்தில் ஏறிக்கொண்டது. மற்றபடி ஜொவிட்டா முழுக்க என் கற்பனை.

2

தொடக்கம் ஒன்று: அன்று வானம் தெளிவாக இருந்தது. ஜொவிட்டா மொட்டைமாடியில் நின்றுகொண்டு—

(வேண்டாம். ஜொவிட்டா வானத்தைப் பார்ப்பதே இல்லை. அடையாறில் ஓர் ஆய்வகத்தின் ஏசி அறையில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.)

தொடக்கம் இரண்டு: பரத்வாஜ் அவள் கண்களில்—

(இதுவும் வேண்டாம். இரட்டை விண்மீன் என்று எழுதியதுமே ஒரு காதல் தானாக வந்து நாற்காலி போட்டுக்கொள்கிறது. எழுப்பி அனுப்பிவிட்டேன். பரத்வாஜ் பக்கத்து மேசைக்காரன். அவ்வளவுதான்.)

3

ஐரோப்பியர்களின் செயற்கைக்கோள் ஒன்று மூன்று வருடத்துக்கும் மேலாக வானத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் அந்த ஆண்டு குறுந்தகடுகளாக வந்தன. தனி விண்மீன் நேர்கோட்டில் நகரும். கூட ஒரு துணை இருந்தால், அது கண்ணுக்கே தெரியாவிட்டாலும், இது நெளிந்து நெளிந்து போகும். நெளிபவற்றைத் தேடுவது ஜொவிட்டாவின் வேலை.

ஒரு சிக்கல் உண்டு. பூமி சூரியனைச் சுற்றுவதால் எல்லா விண்மீனும் வருடத்துக்கு ஒருமுறை லேசாக, பக்கத்தில் இருப்பவை சற்றுக் கூடுதலாக, ஆடுவதுபோல் தெரியும்.* அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். கழித்தாள். முப்பத்தொன்று நெளிந்தன.

(* மாம்பலத்தில் நம் ரயில் கிளம்பும்போது பக்கத்தில் நிற்கும் ரயில் நகர்வதுபோல் இருக்குமல்லவா, அதேதான்.)

அவள் அம்மா கிளாடிஸ் டீச்சர் சாந்தோமில் சும்மா இருப்பாரா? சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் சொல்லி, ஞாயிறு பூசை அறிவிப்பில், யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று வாசிக்கும் ஓலைகளுக்கு அடுத்தபடியாக, 'நம் பங்கைச் சேர்ந்த ஜொவிட்டா முப்பத்தொரு நட்சத்திரங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்' என்று வாசிக்க வைத்துவிட்டார்.

4

வெள்ளி மதியம் ஒரு மணி. உரைக்கான தாள்களைத் தயாரிக்கையில், ஒவ்வொன்றும் ஒருமுறை நெளிய எவ்வளவு காலம் எடுக்கிறது என்று முதல்முறையாகக் கணக்குப் போட்டாள். ஒரு வருடம். அடுத்தது, ஒரு வருடம். அதற்கடுத்தது, ஒரு வருடம். நான்காவதோடு நிறுத்தினாள்.

வருடத்துக்கு ஒரு சுற்று சுற்றுவது யார் என்று அவளுக்குத் தெரியும். குறுந்தகடுகளோடு வந்த கையேட்டைப் புரட்டினாள். தேதிகளை 1991 ஏப்ரல் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்றிருந்தது. அவள் ஜனவரி ஒன்றிலிருந்து எண்ணியிருந்தாள். மூன்று மாதம் தள்ளிப் பூமியை நிறுத்தினால் எதுதான் சரியாகக் கழியும்?

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? ப்ரிண்டர் பேப்பர முழுங்கிடுத்தா?" என்றான் பரத்வாஜ்.

"ஒண்ணுமில்ல."

"ஆத்துல எல்லாரும் நாளைக்கு வரா. அம்மா பட்டுப்புடவை எடுத்து வெச்சுண்டாச்சு. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஆசையா கெளம்புவாளான்னு தெரியல."

ஆய்வுக்குழுத் தலைவர் சுந்தரவல்லி கதவருகே எட்டிப் பார்த்தார். "ஜொவிட்டா, மைக்க வாய்கிட்ட வெச்சுப் பேசு. உன் குரல் உனக்கே கேக்காது. முப்பத்தொண்ணுன்னு அழுத்திச் சொல்லணும், என்ன?"

"சரி, மேடம்."

(இந்த இடத்திலேயே அவளைச் சொல்லவைக்க மூன்று முறை அடித்து எழுதினேன். மாட்டேன் என்கிறாள். இருபத்து மூன்று வயதில் முதல்முறையாக நாலு பேர் அவள் பெயரை உரக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடு என்கிறேன் நான்.)

5

சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் யாருமில்லை. தேதியைத் திருத்தி, முப்பத்தொன்றையும் மறுபடி ஓடவிட்டாள். மதியம் ஒரே ஒரு தாள் அச்சாகி வந்தது. அதில் என்ன இருந்தது என்று இப்போது சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நாலரைக்குக் கோயிலுக்குப் போனாள். சனிக்கிழமைகளில் சாமியார் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கும் நேரம். தடுப்புக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டாள். (இது இருபத்தொன்பது மணிக் கணக்கில் சேராது. இங்கே சொன்னதைச் சாமியார் வெளியே சொல்ல முடியாது.)

"சாமி, முப்பத்தொரு பேருக்குத் துணை இருக்குன்னு சொல்லிட்டேன். அது சரியில்ல, சாமி."

"கல்யாணத் தரகு பண்றியாம்மா?"

"நட்சத்திரத்துக்கு, சாமி."

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அடக் கடவுளே. நான் வேற மைக்ல வாசிச்சேனே," என்றார் சாமியார். "வேணும்னே பண்ணியா?"

"இல்ல, சாமி. தேதி தப்பு."

"அப்ப அது பாவமில்ல. ஆனா தெரிஞ்சுக்கிட்டே இன்னைக்கு மேடையில அதையே சொன்னேன்னு வெச்சுக்க, அடுத்த சனிக்கிழமை வா. அது பாவம்."

6

முடிவு அ: ஜொவிட்டாவுக்குக் காய்ச்சல். சுந்தரவல்லியே பேசிவிடுகிறார்.

(இந்தக் கோழைத்தனம் என்னுடையது, அவளுடையது அல்ல. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பரத்வாஜ் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அவளுக்காக எழுந்து—

(கூடாது. அவள் வாய் அவளுக்கு இருக்கிறது.)

முடிவு இ எழுத வரவில்லை. என்னிடம் இருப்பது ஒரு பள்ளிக்கூட ஹாலும் மின்விசிறிச் சத்தமும்தான். முதல் வரிசையில் கிளாடிஸ் டீச்சர், பங்குப் பெண்கள் எட்டு பேர். பின்னால் பட்டுப்புடவையில் பரத்வாஜின் அம்மா. ஓரத்தில் சுந்தரவல்லி. கைதட்டினார்களா, சுந்தரவல்லி கோபித்தாரா, கிளாடிஸ் டீச்சர் மறுபடி சாமியாரிடம் ஓடினாரா, எல்லாம் உங்கள் பாடு. ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் மேடையில் நிற்பவள் என்னைவிடத் தைரியமாகவே இருந்தாள்.

ஆறு மணி. மைக்கை வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டாள். கை வேர்த்திருந்தது. குரல் கடைசி வரிசைவரை போயிற்று.

"நோட்டீஸ்ல போட்டது தப்பு. தப்பு என்னோடது, தேதிய மாத்திப் போட்டுட்டேன். முப்பது நட்சத்திரம் ஆடவே இல்ல, ஆடினது நம்ம பூமிதான். ஆனா சரியா கழிச்சப்புறமும் ஒண்ணு ஆடுது. ரெண்டு வருஷம் ஏழு மாசத்துக்கு ஒரு சுத்து. கூட இருக்கறது யாரோ, தெரியல. ஆனா இருக்கு."