செல்வராணியின் முதல் செபாராவ்

நோன்புப் பெருநாள் சமயத்தில் வீரமுத்துவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆண்டுக் கடைசி மழை தொடங்கியபோது நடை ஓரளவு திரும்பியிருந்தது, பேச்சும் திரும்பியிருந்தது. வலது கைதான் திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், நீளும். ஆனால் உணர்ச்சி கிடையாது. சூடான கோப்பிக் கிளாஸைப் பிடித்தாலும் பஞ்சைப் பிடித்தாலும் அந்தக் கைக்கு ஒன்றுதான்.

மரத்துப்போனது கை மட்டுமல்ல என்று அவர் மனைவி செல்வராணிக்குத் தோன்றியது. தினமும் எல்லை தாண்டிப் போய்வந்த சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இனி வேலை இல்லை என்று தகவல் வந்தபோது “சரி” என்றார். மகள் பிரவீனா கோலாலம்பூரிலிருந்து அழைத்து, தான் முழுகாமல் இருப்பதாகச் சொன்னபோதும் அதே “சரி”. உலு திராமில் இருந்த வீட்டின் முன்னறையில் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். டிவியை அணைத்த பிறகும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் அவரைக் காடியில் ஏற்றிக்கொண்டு, கோத்தா திங்கிக்கு அப்பால் இருந்த நீர்த்தேக்கத்துக்கு ஓட்டினாள். கல்யாணமான காலத்திலிருந்து ஞாயிறுதோறும் அவர் தனியாக மீன்பிடிக்கப் போன இடம். அதற்காக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை.

அவருடையது ஃபிளை தூண்டில். புழுவும் இறாலும் குத்துவதில்லை. கோழி இறகை நூலால் கொக்கியில் சுற்றிச் செய்த பொய் ஈதான் இரை. எடையே இல்லாத அந்த ஈயைத் தூரத்துக்குக் கொண்டுபோக, தடித்த நூலைத் தலைக்குமேல் பின்னும் முன்னும் வீச வேண்டும். அந்த வீச்சு முழுவதும் வலது கையில் இருந்தது.

“எதுக்கு இதெல்லாம்?” என்றார், அவள் தூண்டிலை வெளியே எடுத்தபோது.

“சும்மா பாத்துட்டுப் போலாம் லா.”

தூறல் விழுந்துகொண்டிருந்தது. கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். ஓடை வந்து ஏரியில் கலக்கும் இடம் அது. இங்கே வந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்துதான் இத்தனை நாளும் வர மறுத்துக்கொண்டிருந்தார். வந்தாயிற்று. நீரில் பாதி மூழ்கிய மரங்கள் இருந்தன, எதிர்க்கரையில் மூங்கில் இருந்தது. அவருக்குள் ஒன்றும் அசையவில்லை.

அவர் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் செல்வராணி தானே வீசிப் பார்த்தாள். நூல் தலையில் விழுந்தது. புதரில் மாட்டியது. அதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, அவர் சொன்னார்: “பின்னாடி போற நூல் நேராகட்டும். அப்புறம் முன்னாடி தள்ளு.”

கொஞ்ச நேரம் கழித்து ஈ ஓடையின் வாய்க்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவள் நூலை இழுத்தாள். நூல் திருப்பி இழுத்தது.

“ஏங்க, மாட்டிக்கிச்சு போல.”

“மீன். கம்ப நிமித்திப் பிடி. ஓடுனா விட்டுடு, நின்னா இழு.”

மீன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அவள் செருப்போடு முழங்கால் ஆழத்துக்குப் போய்விட்டாள். கடைசியில் அது கரையோரம் வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த வால். நல்ல பெரிய செபாராவ். வீரமுத்து கைத்தடியை ஊன்றி எழுந்து நீரில் இறங்கினார். இடது கையில் தடி இருந்ததால், ஈக்கு முன்னால் இருந்த மெல்லிய தங்கூசி நூலை வலது கையால் பிடித்தார். பிடித்திருக்கிறோமா இல்லையா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. அதனால் விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். யார் செய்தாலும் அவர் கண்டிக்கும் காரியம் அது.

மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. தங்கூசி அறுந்தது.

“மீனுக்கு ரத்தம் வருதுங்க,” என்றாள் செல்வராணி.

மீன் அதற்குள் போயிருந்தது. அவர் கையிலிருந்துதான் ரத்தம் நீரில் கலந்துகொண்டிருந்தது. இரண்டு விரல்களில் சதை பிளந்திருந்தது. அவள் அவரைக் கரைக்கு இழுத்து வந்து, போத்தல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள்.

“வலிக்கலையா?”

“இல்ல. யாரோட கையோ மாதிரி இருக்கு.” கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ராணி, இங்க வந்தா மனசுக்கு ஏதாவது வரும்னு நெனச்சேன். வருத்தமாவது வரும்னு. ஒன்னும் வரல. இது இனிமே எனக்கு வேணாம்.”

அவள் ஈரக் கல்லில் உட்கார்ந்தாள். மழை வலுத்தது.

“உங்கள இங்க கூட்டிட்டு வந்தா சரியாயிடும்னு நெனச்சேன்,” என்றாள். பிறகு, வெட்கப்பட்டவள்போல, “அது இழுத்தப்ப எனக்குத் தோள் வரைக்கும் நடுங்குச்சு. அப்படி ஒன்னு இருக்குன்னே தெரியாது. நான் அடுத்த வாரமும் வரணும்.”

“எனக்காகவா?”

“இல்ல. எனக்குத்தான்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். 

கோத்தா திங்கி கிளினிக்கில் தையல் போட்டார்கள். மரத்துப்போக ஊசி எடுத்து வந்த நர்ஸிடம் வீரமுத்து “தேவையில்ல” என்றார். அவள் சிரித்துக்கொண்டே போட்டாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் செல்வராணி ஞாயிறுதோறும் போனாள். சின்னச் சின்ன மீன்கள் கிடைத்தன, எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். வீரமுத்துவும் கூடப் போவார், பெரும்பாலும் காடியிலேயே உட்கார்ந்திருப்பார். காயம் ஆறியது. கை அப்படியேதான் இருந்தது. தூண்டிலை அவர் தொடவில்லை.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றார். அவள் தனியாகப் போனாள். மதியத்துக்கு முன்பே வடக்கே வானம் கறுத்தது. அவர் ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை இடது கையால் எடுத்து, கட்டைவிரலால் தடவித் தடவி அவள் எண்ணைத் தேடி அழைத்தார்.

“என்னங்க?”

“மேல மழை பெய்யுது. ஓடை கலங்குச்சுன்னா வெள்ளம் வருதுன்னு அர்த்தம், நிக்காத. உடனே கரையேறிடு.”

“இப்பத்தான் லேசா கலங்குது.”

“அப்ப ஏறு. பேசிக்கிட்டே ஏறு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

கற்கள் உருளும் சத்தமும் அவள் மூச்சும் கேட்டன. காடிக் கதவு சாத்தப்படும் வரை அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.