எந்தக் கரையில் ஏறினாள்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் ஒரு தைலக்காரர், கிராமபோன் தட்டில் போட விளம்பரமாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார். மூன்று நாள் உட்கார்ந்தும் ஒரு வரிகூட வரவில்லை. பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஏசுதாசன்* குறுக்கே வந்து நிற்கிறான். இவனை எழுதித் தொலைத்தால்தான் அது வரும் போலிருக்கிறது.

(* பெயர் நான் வைத்தது. ஆளும் பாதி நான் வைத்ததுதான்.)

2

"குற்றாலத்தில் சாரல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில்..."

வேண்டாம். குற்றாலம் என்று எழுதினாலே கை சாரலுக்குப் போய்விடுகிறது.

1929, ஆடி மாதம். ஊமைப்படக் காலம். சீசனுக்காகக் குற்றாலத்தில் போட்ட கூடாரக் கொட்டகையில், திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்வது ஏசுதாசனின் வேலை. அவன் சொன்னால்தான் படத்தில் நிற்பவள் மனைவியா தங்கையா என்று சனத்துக்குத் தெரியும்.

ஐந்தருவிப் பாதையில் ஆவுடையம்மாள் தைலக்கடை போட்டிருந்தாள். புருஷன் போன பிறகு பாவூர்சத்திரத்தில் அண்ணன் வீட்டு அடுப்படியில் ஆறு வருஷம் கிடந்தவள். இந்த ஒரு சீசன் தனியாக நின்று பார்க்கிறேன் என்று மன்றாடி வந்திருந்தாள். சரக்கு முழுதும் போகாவிட்டால் திங்கட்கிழமை அண்ணன் வண்டியோடு வந்து அழைத்துப்போய்விடுவான். (அண்ணனைக் கொடுமைக்காரனாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. நல்ல மனுஷன். அதனால்தான் அவளால் மறுக்க முடியவில்லை.)

கதாநாயகி தலை வாருகிற இடத்தில் தன் தைலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல முடியுமா என்று அவள்தான் கேட்டாள். ஏசுதாசன் ஒப்புக்கொண்டான். பதிலுக்கு அவள் கொடுத்த ஒரு புட்டித் தைலத்தை அவனுடைய வழுக்கைத் தலை என்ன செய்தது என்று கேட்காதீர்கள்.

3

"பாருங்க தாய்மாரே, இந்தக் கூந்தல் சும்மா வளரல. ஐந்தருவிப் பாதை ஆவுடையம்மா தைலம்."

கொட்டகை சிரித்தது. அரைமணி கழித்து அதே கதாநாயகி ஆற்று வெள்ளத்தோடு போனாள். கரையில் புருஷன் தலையில் கை வைத்து அழ, படம் முடிந்தது.

ஏசுதாசனும் ஆவுடையம்மாளும் இதை யோசிக்கவில்லை. வேறு ஊரென்றால் பாதகமில்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பதே அருவிக்கு அடியில் போய் நிற்பதற்குத்தான். மறுநாள் பெண்கள் அவள் கடையைப் பார்த்ததும் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். அந்தத் தைலம் தேய்த்தவளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டதாம்.

4

ஆவுடையம்மாள் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அவளச் சாக விட்றாதீய."

எடுத்த படம் எடுத்ததுதான், தன் கையில் என்ன இருக்கிறது என்றான் ஏசுதாசன்.

"படம் வாயத் தொறக்கலையே. நீங்கதான சொல்லுதீய."

[இந்த இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். என்னைச் சொன்ன மாதிரி இருந்தது.]

அன்று மாலை ஆட்டத்தில் ஏசுதாசன் கதாநாயகியைப் பிழைக்க வைத்தான். திரையில் புருஷன் அழுதான். அது ஆனந்தக் கண்ணீர் என்றான் ஏசுதாசன். கிழக்கே ஒரு கரையில் ஏறிவிட்டாளாம், சேதி வந்துவிட்டதாம். பெண்கள் பக்கம் கைதட்டியது. மறுநாள் மத்தியானத்துக்குள் பாதிச் சரக்கு போய்விட்டது. ஏசுதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருஷமாக அடுத்தவன் கதையைச் சொன்னவன், முதல் தடவையாகத் தன் கதையைச் சொல்லியிருந்தான்.

கதையை இங்கேயே முடித்தேன். பிறகு கிழித்துப்போட்டேன். ஏனென்றால்

5

ஏனென்றால் அந்த ஆட்டத்தில் குத்தாலிங்கம் உட்கார்ந்திருந்தான். கொத்தனார். போன சீசன் வெள்ளத்தில் அவன் மனைவி போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் சிற்றாற்றங்கரையோடு நடந்துகொண்டிருந்தவனை ஊரே தேற்றி, இப்போதுதான் கொத்துக்கரண்டியைப் பிடிக்க வைத்திருந்தது.

கூட்டம் கலையும்வரை காத்திருந்து அருகில் வந்தான்.

"அண்ணாச்சி, அவ எந்தக் கரையில ஏறுனா?"

ஏசுதாசன் சிரிக்கப் பார்த்தான். அந்த முகத்துக்கு எதிரே முடியவில்லை. வெறும் கதை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"வடகரையில."

காலையில் குத்தாலிங்கம் வேலையைப் போட்டுவிட்டு ஆற்றின் வடகரையோடு கிழக்கே நடந்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் உலை வைக்க ஆளில்லாமல் இருந்தார்கள். இது ஏசுதாசன் காதுக்கும் வந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம். பெண்கள் பக்கத்தில் ஆவுடையம்மாள், ஆட்டம் விட்டதும் வாசலில் விற்க மீதிப் புட்டிகளைக் கூடையில் கொண்டுவந்திருக்கிறாள். முன்வரிசையில் குத்தாலிங்கம், முழங்கால்வரை காய்ந்த சேறு.

மூன்று முடிவு எழுதினேன். படத்தில் அவள் சாகிறாள், ஆவுடையம்மாள் அடுப்படிக்குத் திரும்புகிறாள். பிழைக்கிறாள், குத்தாலிங்கம் நாளைக்கும் நடக்கிறான். மூன்றாவதில் ஏசுதாசன் வாயடைத்து நிற்க, படம் சத்தமில்லாமல் ஓடி முடிகிறது. இது அழகாகத்தான் இருந்தது. கோழைத்தனமாகவும் இருந்தது. அடித்துவிட்டேன்.

திரையில் வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போகிறது. புருஷன் கரைக்கு ஓடி வருகிறான். இரண்டு முகங்கள் ஏசுதாசனைப் பார்க்கின்றன. அவன் திரும்பி என்னைப் பார்க்கிறான். எனக்கோ அந்த நாலு வரி விளம்பரமே இன்னும் வரவில்லை.

படம் வாயைத் திறக்காது. நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம், திரைக்கு அருகே வாருங்கள். உரக்கச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் கேட்க வேண்டும். அவள் என்ன ஆனாள்?