எறும்புப் பேச்சுக்கு வந்த கூட்டம்

ஊர்க் கலை, சிந்தனை விழாவின் கடைசி நாள். ஓய்வுபெற்ற தபால்காரர் மூன்று வருடம் எறும்புகளின் பின்னால் அலைந்து தயாரித்த பேச்சைக் கேட்க அவருடைய அண்ணன் மட்டுமே வந்திருந்தார். அவரும் குறட்டையில் இருந்தார்.

தபால்காரர் காகிதங்களை மடித்தார். விழாவை நடத்தும் தையல்கார அண்ணி பார்த்துவிட்டார்.

"மடிக்காதீங்க தம்பி. பத்து நிமிஷம் பொறுங்க."

பக்கத்து முடிதிருத்தும் கடையில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அண்ணி நேரே போய், சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கடையை எங்கம்மா தூக்கிட்டுப் போறீங்க?" என்று பதறினார் கடைக்காரர்.

"எங்க கூடத்துல காத்து நல்லா வருது. அங்க வந்து வெட்டுங்க. இவங்க சும்மா மோட்டுவளையைப் பாக்குறதுக்கு எறும்புக் கதை கேக்கட்டுமே!"

கண்ணாடிக்குப் பின்னால் கத்தரி, கத்தரிக்குப் பின்னால் பதினோரு பேர். வரிசையைப் பார்த்ததும், எதற்கென்று கேட்காமலே தெருவில் போனவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வாசலைத் தொடும்போது நாற்பது தலை.

தபால்காரர் பேசினார். ஒரு எறும்பு வழி தவறிய இடத்தில் கத்தரி தானாக நின்றது, மறுபடி ஓடவேயில்லை.

முடிந்ததும், பாதி முடி மட்டும் வெட்டப்பட்டிருந்த ஒருவர் கை தூக்கினார். "சார், அது வீடு போய்ச் சேந்துச்சா?"

தபால்காரர் நன்றியோடு அண்ணியைத் தேடினார். அண்ணி கணவரை உலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எந்திரிங்க. கேக்குறவங்களுக்கு நாற்காலி பத்தல."