பால்கனி அறைக்கு எவ்வளவு சொல்வது

நூற்றிருபதில் வைத்தால் முள் சிவப்பில் நிற்கிறது, நூற்றெண்பதுக்கு இழுத்தால் மஞ்சளுக்கு வருகிறது, இருநூற்றைம்பதைத் தாண்டினால்தான் பச்சையின் ஓரத்தைத் தொடுகிறது, அதுவும் ஆளுக்கு, இரண்டு பேருக்கு என்றால் ஐந்நூறு, அத்தனையும் சிங்கப்பூர் டாலர்... காளிராஜ் கட்டைவிரலைப் போன் திரையிலிருந்து எடுத்தார். முள் விட்ட இடத்திலேயே நின்றது. இதை வைத்தவன் லேசுப்பட்டவன் இல்லை, இவ்வளவு சொன்னால் கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டான், கிடைக்காது என்றும் சொல்ல மாட்டான், உன் ஆசை எவ்வளவு என்று நீயே இழுத்துக் காட்டு என்கிறான். சிங்கப்பூரில் இருக்கிற மகள் பிரீத்தி, அப்பாவுடைய அறுபதுக்காகப் பதிவு செய்த கப்பல், அடுத்த புதன்கிழமை கிளம்புகிறது, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்ப நாலு ராத்திரி. போட்டிருக்கிற அறை கப்பலின் வயிற்றுக்குள், ஜன்னல் கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நேற்றுத்தான் இந்த மெயில் வந்தது... கடலைப் பார்த்த பால்கனி அறை வேண்டுமானால் விலை சொல்லுங்கள், காலி இருந்தால் அதிகம் சொன்னவர்களுக்கு மாற்றித் தருவோம், கடைசி நேரம் இன்று பகல் பன்னிரண்டு. இப்போது பதினொன்று ஐந்து. விருதுநகர் கண் ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் அவர், பக்கத்தில் அவர் மனைவி கற்பகம், கண்ணை மூடிக்கொண்டு. கண்பாவை விரிவதற்குச் சொட்டு விட்டிருக்கிறார்கள், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, மூன்று தடவை விட வேண்டுமாம், அதுவரை திறக்கக் கூடாதாம். கப்பலுக்குப் போகுமுன் கண்ணாடியை மாற்றிவிடலாம் என்று அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

விலை சொல்வதற்கா அவருக்குச் சொல்லித்தர வேண்டும்? சிவகாசியில் அச்சாபீஸ் வைத்து முப்பத்திரண்டு வருஷம், நடுவில் பதினாறு வருஷம் சாத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனி, எத்தனை கொட்டேஷன், எத்தனை ஆர்டர், எதிராளி முகத்தைப் பார்த்தாலே எந்த இடத்தில் மடங்குவான் என்று தெரியும், காளிராஜ் அண்ணாச்சி ஒரு எண்ணைச் சொன்னால் அதற்கு மேலேயும் கீழேயும் பேச்சிருக்காது என்று வடநாட்டு ஏஜெண்டுகள் வரைக்கும் சொல்வார்கள். ஆனால் இங்கே எதிரே முகம் இல்லை. ஒரு முள், மூன்று நிறம். முகம் பக்கத்து நாற்காலியில் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு... அவர் திரும்பிப் பார்த்தார். எத்தனை நாளாயிற்று இவளை இப்படி முழுசாகப் பார்த்து? புருவத்தில் இரண்டு மூன்று நரை ஓடியிருக்கிறது, எப்போது? இமையோரத்தில் மருந்து கசிந்து கன்னத்தில் இறங்கிக் காய்ந்து கோடாக நிற்கிறது, அழுத மாதிரி, ஆனால் அவள் அழுது அவர் பார்த்ததில்லை, அன்றைக்குக்கூட. அவளை நேராகப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் அவள் கண்தான், அவர் நிமிரும்போதெல்லாம் அது ஏற்கெனவே அவர்மேல் இருக்கும், திட்டாது, கெஞ்சாது, சும்மா இருக்கும். வாயில் வருவதெல்லாம் எண்ணி எடுத்துவிடலாம்... சாப்பிட வாங்க, கேஸ் சிலிண்டர் வந்துருச்சு, சுகர் மாத்திரை போட்டீகளா. நாலு வருஷமாக இவ்வளவுதான். இப்போது அந்தக் கண் மூடியிருக்கிறது, இன்னும் அரைமணி நேரம் திறக்காது, அதனால் பார்க்கிறார், திருடுகிறவன் மாதிரி.

அறுபதுக்குத் திருக்கடையூர் போய் மாலை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் பிரீத்தி முதலில் சொன்னாள். அது எனக்கு ஆகாது என்று கற்பகம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். சரி, அப்படியானால் கப்பலில் போய் வாங்க ரெண்டு பேரும், என்றாள் பிரீத்தி, வீடியோ காலில், அவர் பக்கத்தில் இருக்கும்போதே, இதற்கும் இல்லை என்றுதான் வரும் என்று அவர் எழுந்து வாசலுக்குப் போகத் தயாரானார், கற்பகம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி வாரேன் என்றாள். சரி வாரேன்! அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் ஓட்டியிருக்கிறார். மதுரையில் போய் இரண்டு பேண்ட் எடுத்தார், கயிறு கட்டாத செருப்பு மாதிரி ஒரு ஷூ எடுத்தார், அச்சாபீஸில் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் கப்பல் வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்தார், அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் பால்கனியில் நின்று ஒரே கோப்பையில் என்னமோ குடிக்கிறார்கள். அவருக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். கற்பகம் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும், காற்றில் சேலை பறக்க வேண்டும், ஏங்க இங்கன வாங்க, மீனு துள்ளுது பாருங்க என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். கூப்பிடுவாளா? ஜன்னலே இல்லாத அறையில் எதைக் காட்டிக் கூப்பிடுவாள்? ஆகவே பால்கனி. ஆகவே முந்நூறு. முந்நூறில் பச்சை கொஞ்சம் தடித்தது... போதுமா? அறுநூறு வரைக்கும் இழுக்கலாம் போலிருக்கிறது.

“கண்ணத் தொறக்காதீங்கம்மா, ரெண்டாவது சொட்டு விடப் போறேன்” என்று நர்ஸ் வந்து கற்பகத்தின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, இமையை விலக்கிச் சொட்டு விட்டாள். “அய்யா, பாத்துக்கோங்க, மருந்து உள்ள போயிருச்சு, இனி கொஞ்சம் எரியும்.” மருந்து என்ற சொல்லே இந்தப் பக்கத்தில் வேறு, பட்டாசுக்குள் போகிற வெடிமருந்து. மருந்து கலக்குகிற ரூம், மருந்து செலுத்துகிற ரூம், ஒரு ரூமுக்கு நாலு ஆளுக்கு மேல் இருக்கக் கூடாது, நாலு பக்கமும் வாசல் வைக்க வேண்டும், ஏதாவது ஒன்று என்றால் எந்தப் பக்கம் நின்றாலும் வெளியே பாய்ந்துவிட வேண்டும்... அவர் கட்டிய ரூம்களில் நாலு வாசலும் இருந்தது, அளந்து பார்த்துத்தான் லைசென்ஸ் கொடுத்தார்கள். நாலு வருஷத்துக்கு முந்தின ஆவணி மாதம், தீபாவளி சீசன் தலைக்கு மேலே, ஃபேன்சி ரகம் அத்தனையும் லோடு ஏற்ற வேண்டிய வாரம், அந்த நாலு வாசலிலும் செய்து முடித்த பட்டாசு உருப்படியை அடுக்கி வைத்துக்கொண்டு வேலை நடந்தது. அவருக்குத் தெரியும். தெரியுமா? தெரியும். பதினொன்றே முக்காலுக்கு வெடித்தது, ஆறு பேர். அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் புளியமரத்தடியில் வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று பேசினார்கள், பிணத்தை வாங்க மாட்டோம் என்று நின்ற சனத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர்தான் எண்ணைச் சொன்னார், செத்துப்போன வள்ளித்தாயின் புருஷன் இருளாண்டி மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை, தலையை ஆட்டினானா, சும்மா தொங்கப்போட்டானா, இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை, ஆட்டினதாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வெளியே வந்தபோது கற்பகம் ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். “அந்த ரூம்ல எத்தன பேரு இருந்தாக?” “நாலு பேருதான்.” “ஆறு பேருல்ல செத்துருக்காக.” “ரெண்டு பேரு வெளிய மரத்தடில நின்னாங்க, செவுரு விழுந்துச்சு.” போலீசுக்குச் சொன்னதுதான், வக்கீல் சொல்லித் தந்தபடிக்கு, அப்படியே வந்தது வாயில், தடுமாறக்கூட இல்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது ஏதோ போன் வந்தது, அவர் பேசிக்கொண்டே வெளியே போனார். அவள் மறுபடி கேட்கவே இல்லை, ஆனால் அடுத்த மாதத்தில் ஒரு நாள் ஆட்டோ பிடித்து ஆறு வீட்டுக்கும் தனியாகப் போய்வந்தாள் என்று டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது, போய் என்ன கேட்டாள், அவர்கள் என்ன சொன்னார்கள், தெரியாது. அதிலிருந்து அவரும் ஒரு அறையில் அவளோடு பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை என்று அவருக்குக் கீழே படுக்கை. அவள் வந்து உட்கார்ந்தால் இவருக்குக் கேட்டில் வேலை இருக்கும், அச்சாபீஸில் பேப்பர் இறங்கும், யாராவது கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கலாம்...

பதினொன்று முப்பத்தைந்து. முந்நூறா, முந்நூற்றைம்பதா, பிரீத்தியைக் கேட்டால் சொல்வாள், அங்கே கூட வேலை பார்க்கிறவர்கள் போட்டிருப்பார்கள். எழுந்து நாலு எட்டில் இருந்த தண்ணீர்க் குழாய் பக்கம் போய்ப் பேசினார். “எதுக்குப்பா அதெல்லாம், வேண்டாம்னு விட்ருங்க” என்றாள் பிரீத்தி. ஏம்மா, நீதான மெயிலைத் தள்ளிவிட்ட? “அது தானா உங்களுக்கு வந்துருக்கும்ப்பா, நான் அனுப்பல. நான் மொதல்லயே பால்கனிதான் போடப் போனேன். அம்மாதான் வேண்டாம்னாங்க.” அம்மாவா? “ஆமாப்பா. ஜன்னல் கிடக்கட்டும், வெளிய எந்திரிச்சுப் போக எடமில்லாத ரூமாப் போடுன்னாங்க. நடுக்கடல்ல போனு எடுக்குமான்னு கேட்டாங்க. எடுக்காதும்மான்னேன், அப்பச் சரின்னாங்க. அம்மாவுக்குக் கடலைப் பாத்தா மயக்கம் வரும்ல, அதான் போலன்னு நெனச்சேன். ஏம்ப்பா, என்ன?” ஒண்ணுமில்லம்மா. வச்சுருதேன்.

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதை இறுக்கி மூடினார், பிறகும் சொட்டியது. சரி வாரேன் என்றாளே... அந்த இரண்டு வார்த்தையை எத்தனை விதமாக வைத்துப் பார்த்தார், இந்த விதமாக ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லையே. மாலை மாற்ற வேண்டாம், மீன் வேண்டாம், காற்று வேண்டாம், போன் அடிக்காத இடத்தில், கேட் இல்லாத, லோடு வராத இடத்தில், நாலு ராத்திரி. நாலு வருஷம் காத்திருந்து ஒரு இடம் கண்டுபிடித்திருக்கிறாள். அவர் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்கு அறிவு கிடையாது, அதுபாட்டுக்கு முள்ளை இழுத்துக்கொண்டு போய் அறுநூறில், கடைசிப் பச்சையில் வைத்துவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, பால்கனி யாருக்கு என்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது யார் என்று. அவளுக்குக் கடல் காட்டப் போகிறேன் என்று இத்தனை நேரம்... சீ.

“யாரு, பிரீத்தியா?” கண்ணை மூடியபடியே கற்பகம் கேட்டாள்.

“ஆமா.”

“என்னங்குறா?”

“சும்மாதான். டிரெஸ்ஸு எடுத்து வச்சாச்சான்னு கேட்டா.”

எதிரே ஒரு பிள்ளை சிணுங்க, அதன் தாய் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். “ரூம மாத்தப் போறீகளாக்கும்” என்றாள் கற்பகம், கேள்வி மாதிரி இல்லாமல். “மாத்துனா மாத்திக்கோங்க. வெளிய நின்னு எம்புட்டு நேரம் கடலப் பாப்பீக? நான் உள்ளதான் இருப்பேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும், அவள் சோறு வடித்தாயிற்று என்கிற குரலில் சொன்னாள். அப்படியானால் சொல்லிவிட வேண்டியதுதானே, இங்கேயே, இப்போதே, அவள் கண் மூடியிருக்கும்போதே சொல்வது எளிது, எழுந்து போக வேண்டாம், கப்பலும் வேண்டாம்... சொல்லு காளிராஜ், எத்தனை பேர்? அவர் உள்ளுக்குள் எண்ணத் தொடங்கினார். வள்ளித்தாய் ஒன்று. பாண்டிச்செல்வி இரண்டு, கதிரவன், ஊர்க்காவலன், அந்த அக்கா தங்கச்சி இரண்டு பேர், செத்தது ஆறு. கை வெந்து பிழைத்தவள் ஒருத்தி, பேர் என்ன? ஓடி வந்தவர்கள் எத்தனை? சம்பள நோட்டில் இல்லாமல் அன்றைக்கு மட்டும் வந்தவர்கள்? ஒன்பதா, பதினொன்றா, பதினான்கா? வெடித்த மூன்றாம் நாள் போர்மேன் சோலைமலை அச்சாபீஸுக்கு வந்தான், கையில் தீப்புண் கட்டோடு, பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, “மொதலாளி, அன்னைக்கு உள்ள மொத்தம்...” என்று ஆரம்பித்தான். “வேண்டாம்லே” என்றார் அவர், “எங்கிட்டச் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா என்னைக்காவது கோர்ட்டுல வாயில வந்துரும்.” சோலைமலை சொல்லாமலே திரும்பிப் போய்விட்டான், திருப்பூருக்குப் போனதாகச் சொன்னார்கள், போன வருஷம் அங்கேயே நெஞ்சுவலியில் செத்ததாகவும் சொன்னார்கள். ஆக அவரிடம் பதில் இல்லை. நாலு என்ற பொய் இருக்கிறது, அதற்கு அடியில் மறைத்து வைத்த எண் ஒன்று இருக்கிறது என்று அவரும் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தார், அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், தோண்டிப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாது கற்பகம். அவரிடம் இருக்கிற ஒரே உண்மை அதுதான். அதைச் சொல்ல ஜன்னல் இல்லாத அறையில் நாலு ராத்திரி...

“கற்பகம்! கற்பகம் யாரு? டாக்டர் கூப்புடுதாக, வாங்க.” பதினொன்று ஐம்பத்தாறு. முள் அறுநூறில் நிற்க, அனுப்பு என்ற பொத்தான் அதன் கீழே நீலமாகக் கிடக்க, அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கற்பகம் கண்ணைத் திறந்தாள், ஆனால் பாவை விரிந்து கறுப்பாய் இருந்த அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தாங்கவில்லை, மறுபடி இறுக்கிக்கொண்டு கையை நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார். பிடித்து எத்தனை நாளாயிற்று, என்று நினைப்பதற்குள் நாலைந்து எட்டு நடந்துவிட்டார்கள்.

“படி எதுவும் இருக்கா?” என்றாள்.

“இல்ல, சமமாத்தான் இருக்கு. வா.”

உண்மையிலேயே படி இல்லை, டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் வழவழவென்று ஒரே தரை. ஆனாலும் கற்பகம் ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் கால் பெருவிரலை நீட்டித் தரையைத் தடவிப் பார்த்தாள், இருக்கிறது என்று தெரிந்த பிறகே பாதத்தை ஊன்றினாள், பிறகு அடுத்த காலை நீட்டித் தடவினாள்... அவர் அவள் கையைப் பிடித்தபடி, அந்தக் காலையே பார்த்துக்கொண்டு, கூட நடந்தார்.