போகாத அறுபத்தாறு நாள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அவள் நான்கு பேனாக்களை எடுத்து வைத்தாள். இரண்டு நீலம், ஒரு கறுப்பு, மை தீரப்போகும் இன்னொரு நீலம். ஒரு வருடம் அன்றாடம் எழுதிய நோட்டு ஒரே பேனாவில் இருந்தால் யார் நம்புவார்கள்? இப்படியெல்லாம் தனக்கு யோசிக்கத் தெரியும் என்பது அன்றுவரை அவளுக்கே தெரியாது.

"நடுவுல ஒரு பக்கத்துல காபி கொட்டிடு. தத்ரூபமா இருக்கும்," என்றான் கணவன், சோபாவில் படுத்தபடி.

"சும்மா இருங்க."

"லீவு முடியற அன்னிக்கு ஹோம்வொர்க் எழுதற பிள்ளை மாதிரியே இருக்கு உன் மூஞ்சி."

அவள் சிரித்து வைத்தாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். காலையில் கிளினிக், மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது. போவதெல்லாம் சொந்தக் காரில். போன வாரம் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. காரை முக்கால் பங்கு தொழிலுக்காக ஓட்டியதாகச் சொல்லி வரிக்கழிவு வாங்கியிருக்கிறீர்கள், அதற்கான லாக் புக்கை, அதாவது எங்கே, எதற்குப் போனீர்கள் என்று அன்றாடம் எழுதிய நோட்டை, முப்பது நாளைக்குள் அனுப்புங்கள் என்று நாலே வரி.

அந்த முக்கால் பங்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போட வரிசையில் நிற்கும்போது ஆடிட்டர் போன் செய்தார். "காருக்கு எத்தனை சதவீதம் போடட்டும்மா?" என்றார். முன்னால் ஒருவர் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். "எழுபத்தஞ்சு," என்றாள். எண்பது என்றால் பேராசை, எழுபது என்றால் நஷ்டம். அவ்வளவுதான் அப்போது செய்த ஆராய்ச்சி.

கடிதம் வந்த அன்று ஆடிட்டர் கேட்டார்: "லாக் புக் எழுதியிருக்கீங்க இல்ல?"

"இருக்கு," என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எந்தப் பரீட்சைக்கும் படிக்காமல் போகாதவள், எந்தப் பில்லையும் கடைசி தேதி தாண்ட விடாதவள் என்று எல்லோரும் அவளைப் பற்றி நினைத்திருந்தார்கள். அவளும்தான்.

"நல்லது. ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. வீட்டிலேர்ந்து கிளினிக் போறது உங்க சொந்தப் பாடு, அத சேர்க்கக்கூடாது. கிளினிக்லேர்ந்து பேஷண்ட் வீடு, அங்கேர்ந்து அடுத்த பேஷண்ட் வீடு, அதுதான் கணக்கு."

அவள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மனதில் வைத்திருந்தாள்.

மெக்கானிக்கின் சர்வீஸ் பில்களில் மீட்டர் எண் இருந்தது. அதன்படி வருடத்துக்குப் பதினாறாயிரம் கிலோமீட்டர். முக்கால் பங்கு என்றால் பன்னிரண்டாயிரம். அப்பாயின்ட்மென்ட் டைரியை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூட்டிப் பார்த்தால் ஒன்பதாயிரத்து நூறுதான் வந்தது. குறைகிற இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் எதில் போனது? மகளின் நீச்சல் வகுப்பு, மாமியாரின் கண் டாக்டர், கடை கண்ணி. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வரப் பிடிக்காமல், சுற்றுச்சாலையில் ஒரு வட்டம் போய்விட்டு வந்த மாலைகளும் அதில் இருந்தன. அந்த மாலைகளைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அதற்கும் ஓர் எண் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு மாதிரி இருந்தது.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தை நிரப்ப வேண்டும். பக்கத்து வீடுகளை எழுதினால் பக்கம் பக்கமாக எழுதியும் நிரம்பாது. தூரத்து வீடு ஒன்று வேண்டும். அப்போதுதான் பஸ் டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார்.

நகரத்துக்கு வெளியே, இருபத்திரண்டு கிலோமீட்டர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கூட ஒரே மகள், சலவைக் கடையில் வேலை பார்ப்பவள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடி, அவள் காரை நிறுத்துவதைப் பார்த்து டிரைவர் மார்க் போடுவார். கோணிய வாயில் வார்த்தை குழறினாலும் மார்க் மட்டும் தெளிவாக வரும்.

"நாலு."

"போன வாரம் ஆறு குடுத்தீங்களே ஐயா?"

"இன்னிக்கு... சுவரு... தப்பிச்சுது."

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "அக்கா, எனக்கு சைக்கிளுக்கே ரெண்டுதான் போட்டார்."

ஆறு மாதம் போனாள். கையில் கொஞ்சம் பலம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. முன்னேற்றம் இல்லாத உடம்பைத் தொட்டுப் பணம் வாங்குவது கூச்சமாக இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த நேரத்தில் பக்கத்திலேயே மூன்று பேரைப் பார்க்கலாம் என்பது. ஜூன் கடைசியில், "ஒரு மாசம் கழிச்சு வரேன், அதுவரைக்கும் நான் சொல்லிக்குடுத்த பயிற்சிய நீயே குடு," என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தாள். அதன்பிறகு மூன்று தடவை அந்தப் பெண்ணின் எண் போனில் மின்னியது. மூன்று தடவையும் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய் வர நாற்பத்திநாலு கிலோமீட்டர். அறுபத்தாறு தடவை போனால் கணக்கு கச்சிதமாக நிற்கும். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை சில வாரம் மூன்று, சில வாரம் இரண்டு என்று எழுதினாள். நேரம் போட்டாள். காரணம் என்ற இடத்தில் "இடது கை, தோள், நடைப் பயிற்சி" என்று எழுதினாள். செப்டம்பருக்கு வந்தபோது, அந்தக் கை இதற்குள் எவ்வளவு தேறியிருக்கும் என்று தன்னையறியாமல் யோசித்து, "பிடிமானம் கூடியிருக்கிறது" என்றுகூட ஓர் இடத்தில் சேர்த்தாள்.

மறுநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்த ஆடிட்டர், "உங்கள மாதிரி பத்து கிளையன்ட் இருந்தா எனக்கு பிரஷரே வராது," என்றார்.

மூன்று வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு கிளினிக்கின் ரிசப்ஷனிஸ்ட் கூப்பிட்டாள். "மேடம், லேண்ட்லைன்ல ஒரு பொண்ணு. உங்க மொபைல்ல கிடைக்கலையாம்."

"அக்கா, நான்தான். டிரைவர் பொண்ணு."

"சொல்லும்மா." குரலில் அன்பை வரவழைத்துக்கொண்டாள்.

"டாக்ஸ் ஆபீஸ்லேர்ந்து நாலு நாள் முன்னாடி போன் பண்ணாங்கக்கா. போன வருஷம் ஜூலைக்கு மேல நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வந்தாங்கன்னு சொல்லிட்டேன்."

முதலில் வந்தது நிம்மதி. பின்னாளில் எத்தனையோ தடவை அந்தக் கணத்தை நினைத்து அவள் கூனிக் குறுகியிருக்கிறாள். தொலைபேசியில் அந்தப் பெண் மேலே பேசுவதற்கு முன் இருந்த அந்த இரண்டு நொடியில், தான் முழுதாக, உடம்பு முழுக்க, நிம்மதியாக இருந்தது அவளுக்குத் தெரியும்.

"நீங்க எதுக்கு வந்ததா எழுதிக் குடுத்தீங்கன்னு தெரியல. உங்களுக்கு ஏதோ கஷ்டம்னு மட்டும் புரிஞ்சுது," என்றாள் அந்தப் பெண். "ஆனா அப்பா ஆகஸ்ட்லயே போயிட்டாருக்கா. பதினொண்ணாம் தேதி. அவங்க அதையும் கண்டுபிடிச்சு கேட்டாங்க. செத்தவருக்கு எப்படிம்மா பயிற்சின்னாங்க. அப்புறம் வந்தது எனக்காகன்னு சொல்லிட்டேன். அப்பாவ தூக்கித் தூக்கி முதுகு போச்சு, அக்கா எனக்குதான் பாத்தாங்கன்னு."

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். ரிசப்ஷனிஸ்ட் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாகரிகமாகக் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கு ஒரு ஃபாரம் தபால்ல வந்திருக்கு. தேதி எல்லாம் வரிசையா போட்டு, மேலே கண்டது உண்மைன்னு கையெழுத்து கேக்கறாங்க. போட்டு அனுப்பிடட்டுமா? உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு போடலாம்னுதான்."

"போடாதே," என்றாள். அதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை அந்தப் பெண் கவனிக்காமல் இருக்க வேண்டுமே என்று இருந்தது. "நான் வரேன்."

மதிய நோயாளிகளைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கிளம்பினாள். இருபத்திரண்டு கிலோமீட்டர் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று நினைத்தபோது முகம் சுட்டது.

சலவைக் கடையில் எட்டு இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து விரிப்புகளை அள்ளிக்கொண்டிருந்தாள். முழங்காலை மடக்காமல், இடுப்பை ஒரு பக்கம் இழுத்துக் குனிந்தாள். நிமிரும்போது இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதுகு என்று சொன்னது பொய்யில்லை.

"வாங்கக்கா. இளைச்சுட்டீங்க." மடிப்பு மேசைக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அந்த மெஷின் பக்கம் சாயாதீங்க, சுடும்."

"அப்பா விஷயம் எனக்குத் தெரியாதும்மா."

"சொல்லத்தான் போன் பண்ணேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். குத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தப் பெண் பையிலிருந்து படிவத்தை எடுத்து, சலவை செய்த தலையணை உறைகளின் மேல் விரித்தாள். அறுபத்தாறு தேதிகள், இரண்டு பத்தியாக. ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள்.

"இந்த ஒண்ணுதான் இடிச்சுது. ஆகஸ்ட் பதினொண்ணு, சாயங்காலம் நாலு மணின்னு இருக்கு. அப்பா போனது அன்னிக்கு ரெண்டரைக்கு. நாலு மணிக்கு நான் மட்டும்தான் இருந்தேன். ஆம்புலன்ஸ்காரன் வேற வழி தவறிட்டான்." உறையின் ஓரத்தை நீவி விட்டாள். "அந்த நேரத்துல நீங்க வந்ததா படிச்சதும், நிஜமாவே வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு தோணிச்சு. வந்திருக்கலாம்லக்கா."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. மேசை விளிம்பில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பார்த்தாள். சட்டை, கால்சட்டை, விரிப்பு இரட்டை, விரிப்பு ஒற்றை.

"எதுக்கு எனக்காகப் பொய் சொன்னே?"

"நீங்க அப்பாவ நல்லா பாத்துக்கிட்டீங்க," என்றாள். அடுத்த விரிப்பின் நுனிகளைச் சேர்த்தபடி, "வந்த வரைக்கும்," என்றாள்.

இயந்திரம் ஒன்று நின்று மணி அடித்தது. அந்தப் பெண் போய்த் துணியை எடுத்துவிட்டு வந்தாள்.

"கையெழுத்து போட்டா உங்களுக்கு பிரச்சனை தீரும்ல? எனக்கு என்ன வந்துடப் போகுது?"

"உன் பேரு வருது. நான் எழுதின பொய்க்குக் கீழ உன் பேரு."

"அப்போ நான் போன்ல சொன்னது?"

அதை அவள் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். தான் பேசாமல் இருந்தால், மாட்டிக்கொள்வது இந்தப் பெண்ணும்தான். ஆடிட்டரை அங்கிருந்தே கூப்பிட்டாள். லாக் புக் நானே கற்பனையில் எழுதியது, நிஜக் கணக்கு ஐம்பத்தேழு சதவீதம், திருத்தம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாள்.

ஆடிட்டர் குரலைத் தாழ்த்தினார். "யாராவது பக்கத்துல இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க."

"அப்புறமா பேசலாமே."

"இல்ல சார், அவங்க கேக்கணும்."

ஆடிட்டர் அபராதம், வட்டி என்று ஏதேதோ சொன்னார். கடைசியில், "உங்கள நான் இப்படி நினைக்கல," என்றார். அதைத்தான் அவள் இத்தனை நாள் பயந்திருந்தாள். கேட்டபோது, அதற்காகப் பயந்ததும் வெட்கமாக இருந்தது.

போனை வைத்ததும், "திரும்பி உக்காரு, முதுகைப் பாக்கறேன்," என்றாள்.

"இன்னிக்கு வேணாம்க்கா," என்றாள் அந்தப் பெண் சாதாரணமாக. "நாலு மணிக்குள்ள ஹோட்டல் துணி போகணும்."

மறுநாள் வரி அலுவலகத்தில், அவளைவிடப் பத்து வயது குறைந்த ஓர் அதிகாரி அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளினார். "நீங்களா வந்தது நல்லதும்மா. அபராதம் கொஞ்சம் குறையும். அந்தப் பொண்ணு சொன்னத எப்படி எடுத்துக்கறது?"

"அவ மேல தப்பு இல்ல. எனக்காகச் சொன்னா. நான் அவள சொல்லச் சொல்லல. போன வருஷம் ஜூனுக்கு அப்புறம் நான் அந்த வீட்டுப் பக்கமே போகல. இத எழுதியே தரேன்."

"அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். "நிறைய பேஷண்ட் இருக்கறப்போ, இந்த வீட்டை மட்டும் ஏன் போட்டீங்க?"

"தூரம் அதிகம். சீக்கிரம் நிரம்பும்னு."

அதையும் எழுதினார். "ஜூன்ல ஏன் நிறுத்தினீங்க? அவர் இருந்தாரே அப்போ."

அது படிவத்தில் இருந்த கேள்வியா, சும்மா கேட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னேற்றம் இல்லை, நேரம் இல்லை, மகளுக்குப் பரீட்சை என்று நாலைந்து பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன. எல்லாமே நன்றாக இருந்தன.

"தூரமா இருந்துச்சு," என்றாள்.

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. அவளுக்குப் பார்ப்பதற்கு அறையில் எத்தனையோ இருந்தன. ஜன்னல், மின்விசிறி, அலமாரியில் கட்டுக் கட்டாகக் கோப்புகள். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.