எதிரில் சாய்த்த போன்

ஜெசிந்தா மத்தியானச் சோற்றைப் போட்டுவிட்டு, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக் காத்திருந்தாள். புருஷன் சவுரிராயன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது கொஞ்சம்தான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் அவன் அங்கே தட்டு வைப்பான், இவள் விழுப்புரத்தில் வைப்பாள். வீடியோவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். பேச்சு அதிகம் இருக்காது. "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கோ" என்பான், கரண்டி என்னவோ தன் கையில் இருக்கிற மாதிரி.

இன்று சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. அந்தப் பழைய கப்பலில் நெட் வசதியெல்லாம் கிடையாது. இனி எப்போது கரை பிடிக்கும் என்று அவனுக்கே தெரியாது.

போனில் சிக்னலே இல்லை. இந்த மாதிரி நாளுக்கென்றே இன்னொரு கம்பெனி சிம்மும் போட்டு வைத்திருந்தாள். அதுவும் செத்துக் கிடந்தது. தட்டை மூடிவிட்டுத் தெருமுனை செல்போன் கடைக்கு ஓடினாள். கடைக்காரன் தேவா ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"விக்கிரவாண்டிகிட்ட ரோடு வேலைல ஜேசிபிகாரன் கேபிள அறுத்துட்டானாம்க்கா. ஊரே பேஜாராயி கெடக்குது."

"என்கிட்ட ரெண்டு கம்பெனி சிம் இருக்கே. நீதான வித்த?"

"கம்பெனிதான்க்கா ரெண்டு. ஒரே கேபிளத்தான் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கினு இருக்கானுங்க."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விளம்பரத்தில் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறவர்கள், மண்ணுக்கடியில் ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள்! அந்த வேடிக்கைக்கு இவள் மாதாமாதம் இரண்டு ரீசார்ஜ் செய்திருக்கிறாள்.

"திண்டிவனத்துல வருதாம்க்கா. ஜல்தியா போனீன்னா புடிச்சிடலாம்."

போட்ட சோற்றை ஒரு டப்பாவிலும் கருவாட்டுக் குழம்பை இன்னொன்றிலும் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். விக்கிரவாண்டியில் ரோடு வேலை நெரிசலில் பஸ் நின்றேவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். பள்ளத்தின் ஓரம் குடையை விரித்து இரண்டு பேர் உட்கார்ந்து, அறுந்த கேபிளின் மயிரிழை போன்ற கண்ணாடி நூல்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஊரின் பேச்சும் இதற்குள்ளேயா என்று திகைத்தாள். 'மாதாவே, கப்பல் கொஞ்சம் லேட்டாவட்டும்' என்று முணுமுணுத்தாள். யார்மேலும் கோபம் மிச்சமில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் வெயில் சாய்ந்திருந்தது. போன் உயிர் பெற்றுத் துடித்தது. வரிசையாக அவன் அழைத்துத் தவறிய அழைப்புகள். கடைசியில் ஒரு வீடியோ. உடனே கூப்பிட்டாள். போகவில்லை. 'வந்துட்டேன்' என்று அனுப்பினாள். அது அவனைப் போய்ச் சேரவில்லை, ஒற்றை டிக்கோடு நின்றது.

பெஞ்சில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தாள். போனைப் பைமேல் சாய்த்து வீடியோவை ஓடவிட்டாள்.

அவன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். "லைனே கெடைக்கலடி. நேரமாயிடுச்சி, நான் சாப்புடுறேன். நீ எப்ப பாக்குறியோ, அப்ப வந்து உக்காரு" என்றான். சோற்றைப் பிசைந்தான். இவளும் பிசைந்தாள். அவன் முதல் வாய் எடுக்கும்வரை காத்திருந்து, பிறகு எடுத்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கோ."

ஜெசிந்தா டப்பாவைச் சாய்த்து ஊற்றிக்கொண்டாள்.